உட்கார்ந்தவர்களை அடித்த நாள்

முதல் அடி தலையில் படவில்லை. அந்த அம்மா தலைக்கு மேல் மடித்துப் பிடித்திருந்த காலிச் சாக்கில் பட்டு, சாக்கு வழியாக அவருடைய இடது முன்கையில் இறங்கியது. நனைந்த சாக்கில் தடி பட்டால் பெரிய சத்தம் வராது. உள்ளே எலும்பு முறிந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. அவர் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது அடியும் நான்தான் அடித்தேன்.

'அடி விழுந்தது' என்று எழுதிவிட்டுப் போகலாம். தமிழில் அந்த வசதி இருக்கிறது. அடி தானாக விழும், தடியடி தானாக நடக்கும், கலவரம் தானாக வெடிக்கும். அன்றைக்கு நானே ஐந்து பேருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலைக்குப் போய் வளர்ந்தவர்கள். நான் திருவாரூரில் பி.ஏ. வரலாறு படித்தேன். படித்து முடித்ததும் காவலர் தேர்வு எழுதினேன். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். காவல் நிலையத்திலிருந்து ஆளைப் பற்றி விசாரித்து, வழக்கு எதுவும் இல்லை என்று எழுதி அனுப்புவது ஒன்றுதான் பாக்கி. அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று கம்பெனியில் சேர்ந்தேன்.

கம்பெனி என்றால் எங்கள் பக்கத்தில் அந்த ஒன்றுதான். அரசு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது, நகராட்சிக் குப்பை வண்டி தள்ளுவது, பஸ் ஸ்டாண்டு கழிப்பறையைக் கழுவுவது, நெல் கொள்முதல் நிலையத்துக்குக் காவல் நிற்பது எல்லாமே அவர்கள் எடுத்த காண்ட்ராக்ட். ஆள் ஒன்றுதான், சட்டை மட்டும் மாறும். குப்பைக்கு ஆரஞ்சு, ஆஸ்பத்திரிக்குப் பச்சை, காவலுக்கு நீலம்.

நான் முதலில் பச்சை. பாஸ் இல்லாமல் யாரையும் வார்டுக்குள் விடக் கூடாது என்பது உத்தரவு. பைக் விபத்தில் ஒரு பையன் இறந்துபோன மத்தியானம் அவனுடைய சொந்தக்காரர்கள் பாஸ் இல்லாமல் வந்தார்கள். நான் குறுக்கே நின்றேன். குளுக்கோஸ் மாட்டுகிற கம்பியைப் பிடுங்கி என் வாயில் அடித்தார்கள். முன்பல் ஒன்று போனது, இன்னொன்று பாதி உடைந்தது. கீழே விழுந்த என்னை மிதித்தவர்களில் ஒருவர் அழுதுகொண்டே மிதித்தார். மூன்றாம் நாள் கம்பெனி ஆபீசுக்குப் போனபோது, "சட்டை எங்கடா? பாக்கெட்ட கிழிச்சுக்கிட்டு வந்திருக்கியாமே?" என்று கேட்டார்கள். பிறகு நீலச் சட்டை கொடுத்துக் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

நீலச் சட்டைக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி. எங்கள் சூப்பர்வைசர் ராணுவத்தில் சமையல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சல்யூட் அடிப்பது, விசில் ஊதுவது, கேட்டில் வண்டி எண் எழுதுவது மூன்றையும் சொல்லிக் கொடுத்தார். யாரை அடிக்கலாம், எங்கே அடிக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அடிக்கிற வேலை எங்களுடையது இல்லை என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்பது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். வாய்க்காலில் தண்ணீர் விடச் சொல்லி எங்கள் தெருக்காரர்கள் மதகடியில் மறியல் செய்தார்கள். அம்மா என்னையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார். போலீஸ் வேன் வந்து தடிகளோடு இறங்கியதும், "உக்காரு, உக்காரு" என்று குரல் வந்தது. மொத்தக் கூட்டமும் அப்படியே ரோட்டில் உட்கார்ந்தது. எழுந்து ஓடப் பார்த்த என்னை அம்மா மடியில் அழுத்திக்கொண்டார். "ஓடாத. ஓடுறவன் முதுகுதான் அவங்களுக்கு வேணும்." ஒரு போலீஸ்காரரின் பூட்ஸ் எங்கள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. தடி ஓங்கியபடியே இருந்து, பிறகு இறங்கியது.

விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் பழக்கிவிட்ட வழி அது. உட்கார்ந்துவிட்டால் அடிக்கிற நேரம் முடிந்தது என்று பொருள். அதற்கப்புறம் பேசுவார்கள், இல்லை தூக்கி வேனில் ஏற்றுவார்கள். இரண்டு பக்கமும் எங்கேயும் எழுதி வைக்காமல் பெரும்பாலும் மதித்துவந்த ஏற்பாடு. போலீசுக்கு அது தெரியும், எங்கள் ஜனங்களுக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியாது.

நன்னிலம் பக்கத்தில் ஒரு கொள்முதல் நிலையம். குறுவை அறுவடை நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நெல்லில் ஈரம் அதிகம் என்று எடை போடுவதை நிறுத்திவிட்டார்கள். சாக்கும் வரவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியல்கள். தார்ப்பாயைத் தூக்கினால் நெல் சூடாக இருக்கும், புளித்த வாடை வரும். சில குவியல்களில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. விவசாயிகள் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்து, அங்கேயே தின்று, பத்து நாளுக்கு மேல் காவல் கிடந்தார்கள். முந்தின நாள் வரிசையில் இடத்துக்காக மாமனும் மச்சானும் மண்வெட்டிக் காம்பால் அடித்துக்கொண்டு, மச்சானுக்கு விலா எலும்பு உடைந்தது. நான் விசில் ஊதினேன். வேறு என்ன செய்ய?

அன்று காலை பதினோரு மணிக்கு வெளியூர் வியாபாரி ஒருவரின் நெல் லாரி பின்பக்க கேட் வழியாக உள்ளே வந்தது. மழையில் எங்கள் ஜனங்களின் நெல் கிடக்க, அந்த லாரிக்கு மட்டும் சாக்கு இருந்தது. அவ்வளவுதான். ஆட்கள் லாரியை மறித்தார்கள். டிரைவரைக் கதவோடு இழுத்தார்கள். மூட்டை இறக்க வந்த லோடுமேன் ஒருவர் கையிலிருந்த கொக்கியை வீசினார். அது ஒரு விவசாயியின் கன்னத்தில் மாட்டி, காதுவரை கிழித்துக்கொண்டு வந்தது. மழைத் தண்ணீரில் ரத்தம் நெல் மேல் ஓடியதைப் பார்த்ததும் கூட்டம் வேறு கூட்டமாகிவிட்டது. ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி போனது. லோடுமேனைக் கீழே போட்டு, அவருடைய கொக்கியாலேயே அவர் முதுகில் இழுத்தார்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்து ரோட்டை மறித்து நின்றார்கள். நூறு பேர் இருக்கும், பாதிக்கு மேல் பெண்கள்.

ஸ்டேஷனிலிருந்து ஜீப் வந்தது. அதில் ஏட்டு ஒருவரும் டிரைவரும் மட்டும்தான்.

"ஸ்டேஷன்ல ஆளே இல்ல. மந்திரி வர்றாருன்னு எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்க" என்றார் ஏட்டு. சூப்பர்வைசரையும் சேர்த்து எங்கள் ஆறு பேரையும் பார்த்தார். மழைக்காகக் கம்பெனி எங்களுக்குக் காக்கி நிறத்தில் மழைக்கோட்டு கொடுத்திருந்தது. நீலச் சட்டை உள்ளே மறைந்துபோயிருந்தது. "அடடா, ஒரு படையே நிக்கிதே" என்று சிரித்துவிட்டு, ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு கட்டுத் தடியை இழுத்துக் கீழே போட்டார்.

"ஏட்டையா, எங்களுக்கு விசில்தான் குடுத்திருக்காங்க" என்றேன்.

"அப்ப ஊது. ஊதி ஊதி அவங்க நெல்லக் காய வை."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சூப்பர்வைசர் மட்டும் ஒரு தடியை எடுத்துக் கையில் தட்டிப் பார்த்தார். சமையல் கரண்டி பிடித்த கைக்குத் துப்பாக்கி கிடைத்த மாதிரி ஒரு முகம்.

"சீக்கிரம்" என்றார் ஏட்டு. "உக்காந்துட்டாங்கன்னா அப்புறம் தொட முடியாது. உக்கார்றதுக்குள்ள கலைச்சு விட்டுடுங்க." சொல்லிவிட்டு, போன் வந்ததென்று ஜீப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் தடியோடு ஓடினோம். எதிரில் ஒரு பெண் குரல், "போலீஸ் வருது! உக்காருங்கடி! எல்லாரும் உக்காருங்க!" என்றது. நாங்கள் கிட்டே போவதற்குள் அந்தக் கூட்டம் முழுக்கச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

நான் நின்றேன். சொல்லிக் கொடுத்ததுபோல் கால் தானே நின்றது. மற்ற ஐந்து பேரும் நிற்கவில்லை. அவர்களில் மூன்று பேர் வெளி மாவட்டம், இரண்டு பேர் டவுன். உட்கார்வது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. பயந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள். நிற்கிறவரை அடித்தால் தடி காலில் படும், தொடையில் படும். உட்கார்ந்தவரை அடித்தால் தலைதான் கைக்கு வாகாக இருக்கிறது. எல்லாத் தடிகளும் தலையில்தான் இறங்கின. ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி உடையக் கூடாதாம்.

பின்னங்காலில் சுளீரென்று எரிந்தது. சூப்பர்வைசர் என்னை அடித்திருந்தார். "டிகிரி! வேடிக்க பாக்கவா வந்த? அடிடா!"

அவரைத் திருப்பி அடித்திருக்கலாம். தடியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். எனக்கு முன்னால் தலைமேல் சாக்கோடு உட்கார்ந்திருந்த அம்மாவை அடித்தேன்.

அவர் சாக்கை விலக்கி என்னை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை, திட்டவில்லை. ஏதோ தவறிப்போய் மறந்துவிட்டவனுக்கு ஞாபகப்படுத்துவதுபோல், "உக்காந்துட்டோமே சார்" என்றார்.

அதற்கப்புறம்தான் இரண்டாவது அடி. அது தோளில். அந்த இரண்டாவது அடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் அடியில் பயம் இருந்தது. இரண்டாவதில் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் என் வாயில் பட்ட கம்பி, கிழிந்த சட்டை, காலில் வாங்கிய அடி எல்லாம் கை வழியாக வெளியே போவது மாதிரி இருந்தது. ஒரு நொடிதான். நன்றாக இருந்தது.

மூன்றாவது அடிக்கு நேரம் இல்லை. உட்கார்ந்த பிறகும் அடிக்கிறார்கள் என்றதும் கூட்டம் எழுந்துவிட்டது. எழுந்த பிறகு அவர்களும் எந்த ஏற்பாட்டையும் மதிக்கவில்லை. எங்களில் ஒருவனின் மழைக்கோட்டைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தைக் கட்டி, கண் தெரியாமல் வைத்து அடித்தார்கள். ஒரு பெண் ஒருவனுடைய கட்டைவிரலைக் கடித்து விடவேயில்லை. நெல்லின் ஈரம் பார்க்கிற மெஷினைத் தூக்கி சூப்பர்வைசர் நெற்றியில் எறிந்தார்கள். அவர் அப்படியே உட்கார்ந்தார். அவரையும் உட்கார்ந்த நிலையிலேயே அடித்தார்கள். நான் சாக்குக் கிடங்குக்குள் ஓடி உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டேன். வெளியே கதவை உதைக்கும் சத்தம். அப்போதும் என் கையில் தடி இருந்தது. அதன் பிடியில் ஸ்டேஷன் பெயரின் முதல் எழுத்து வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகுதான் வெளியே வந்தேன். மாலைக்குள் வீடியோ எல்லா போனிலும் ஓடியது. மழை, காக்கிக் கோட்டு, குல்லாவுக்குள் மறைந்த முகங்கள். உட்கார்ந்திருந்த பெண்களைப் போலீஸ் அடித்தது என்று ஊரே சொன்னது. அந்த மழையில் அது போலீஸ் மாதிரிதான் இருந்தது.

தஞ்சாவூரிலிருந்து கம்பெனி ஆள் காரில் வந்தார். சூப்பர்வைசர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்ததால், "உங்கள்ல எழுதத் தெரிஞ்சவன் யாரு?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அவர் சொல்லச் சொல்ல மற்ற ஐந்து பேருக்கும் நான் எழுதினேன். அந்த ஐந்தில் ஒன்று சூப்பர்வைசருடையது. அவர் கட்டைவிரலில் மை தடவி ரேகை வைத்துக்கொள்ளலாம் என்றார் கம்பெனி ஆள். 'கூட்டத்தினரிடையே தள்ளுமுள்ளு ஏற்பட்டது. அதில் சிலருக்கு அடி விழுந்தது. எங்களிடம் தடி ஏதும் இல்லை.' அழகான கையெழுத்து என்று பாராட்டினார். பள்ளிக்கூடத்திலும் அதற்காகத்தான் என்னைப் பாராட்டுவார்கள்.

"உன்னோடது?"

"வீட்டுல எழுதி எடுத்துட்டு வர்றேன் சார்."

வீட்டில் அம்மா வீடியோ பார்த்திருந்தார். எங்கள் தெரு முழுக்க என்னைப் போலீஸ்காரன் என்றுதான் கூப்பிடும். அதற்கு அம்மாதான் காரணம். ஆர்டர் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். நான் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதுல நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"உக்காந்தப்புறமா அடிச்ச?"

அம்மா பக்கத்தில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து என் முழங்காலில் அடித்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். ஓங்கிய கட்டையை அப்படியே நிறுத்தி, கீழே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு போட அப்பாதான் வந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் பச்சைச் சட்டையில் நின்றவன் என்னோடு வேலை பார்த்தவன்தான். பாஸ் கேட்காமல் விட்டுவிட்டான். அந்த அம்மாவின் இடது கை தோள்வரை மாவுக்கட்டில் இருந்தது. இரண்டு மா நிலம், ஒரு ஏக்கருக்கும் குறைவு, குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் சொன்னாள். அவளுக்குத் தலையில் தையல். நான் கட்டிலருகே நின்று, "நாந்தாம்மா உங்கள அடிச்சது" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ போலீஸா?"

"இல்லம்மா. கம்பெனி ஆளு. போலீசுக்கு எழுதிப் பாஸ் ஆயிருக்கேன். இன்னும் ஆர்டர் வரல."

"அப்பப் போலீஸுதான்."

"இல்லம்மா, நாங்க..."

"வாய மூடு தம்பி. நான் கலெக்டருக்குப் போலீஸு அடிச்சுதுன்னு மனு எழுதி வச்சிருக்கேன். கம்பெனின்னு சொன்னா நான் எவங்கிட்டப் போயி நிக்கிறது? கலெக்டரு கம்பெனியக் கேளும்பாரு. கம்பெனிக்காரன் உன்னக் கேளும்பான். உன்னக் கேட்டு என்ன பண்றது? உன் கையையும் ஒடிச்சு இங்க பக்கத்துல போட்டுக்கவா?"

"போடு அத்த, துணைக்கு ஆச்சு" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. வார்டில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"தடி ஸ்டேஷன்லேர்ந்துதான் வந்துச்சு" என்றேன். "ஏட்டுதான் கொண்டாந்து போட்டாரு. அடிக்கச் சொன்னதும் அவருதான்."

சிரிப்பு நின்றது. "இத எழுதிக் குடுப்பியா?"

தலையாட்டினேன்.

"எந்த ஊரு நீ?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. எங்கள் தெரு எது, எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "உங்க ஊட்டுல உக்காரச் சொல்லிக் குடுத்திருப்பாங்களே."

"குடுத்தாங்க."

"அப்பத் தெரிஞ்சேதான் அடிச்ச."

"ஆமாம்மா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பிறகு கடைவீதிக்குப் போய் இரண்டு வெள்ளைத்தாள் வாங்கி, ஜெராக்ஸ் கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினேன். 'நான் அடித்தேன்' என்று தொடங்கினேன். எத்தனை முறை, எங்கே, அவர் என்ன சொன்னார், தடி யார் கொண்டுவந்தது, ஏட்டு சொன்ன வார்த்தைகள் என்ன, தடியின் பிடியில் என்ன எழுத்து என்று எல்லாவற்றையும் எழுதினேன். நகல் எடுத்து ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அசலை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன்.

இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். முதல் பக்கத்தைப் படிக்கப் படிக்க அவர் முகம் தெளிந்தது. "பாத்தியா, நான் ரெண்டு நாளா இதத்தான் சொல்றேன். எங்க ஆளுங்க ஒருத்தன்கூட அங்க இல்ல. மழக்கோட்ட மாட்டிக்கிட்டு எவனோ அடிச்சதுக்கு நாங்க பேச்சு வாங்கறோம்." இரண்டாம் பக்கம் திருப்பினார். படித்து முடித்துத் தாளை மேசைமேல் வைத்து, ஏட்டு பற்றிய பத்தியின் மேல் விரலை வைத்தார்.

"இது வேண்டாம்."

"நடந்தது அதுதாங்கய்யா."

"உன் வெரிஃபிகேஷன் ஃபைல் எங்க இருக்கு தெரியுமா? இதோ, இந்த அடுக்குல. நாளைக்கு நீ நம்ம ஆளு. இந்தப் பத்திய மட்டும் எடுத்துடு. அடிச்சவங்கன்னு மத்த அஞ்சு பேரு இருக்கானுங்க. உன் பேரே வராம நான் பாத்துக்கறேன். நல்லது சொல்றேன், கேளு."

அவர் கெட்டவராகப் பேசவில்லை. நிஜமாகவே எனக்கு நல்லது செய்ய நினைத்தார் என்றுதான் தோன்றியது. அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு நிற அட்டைகள், நூல் கட்டிய அட்டைகள். அதில் ஒன்றில் என் பெயர். அப்பா பெயரும் இருக்கும். அவருடைய பெயர் ஒரு அரசாங்கக் காகிதத்தில் மரியாதையாக ஏறுவது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும்.

"எடுக்க முடியாதுங்கய்யா" என்றேன். "நகல் ஒண்ணு அந்த அம்மாகிட்ட இருக்கு."

அவர் எழுந்து வந்தார். என் கையிலிருந்த டீக் கிளாசை வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு கன்னத்தில் அறைந்தார். பாதி உடைந்திருந்த பல் வாய்க்குள் உதிர்ந்தது. இரண்டாவது அறைக்கு நாற்காலியோடு சாய்ந்து தரையில் விழுந்தேன். எழுந்திருக்கவில்லை. தரையில் கால்களை மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். போலீஸ்காரர் ஆயிற்றே, அவருக்கு அது தெரியும். கை இறங்கியது.

"ரைட்டர்!" என்று வெளியே பார்த்துக் கத்தினார். "எஃப்.ஐ.ஆர். போடு. இவன் ஏ ஒன்."

நான் முதல் குற்றவாளி, சூப்பர்வைசர் இரண்டாவது. அந்த அம்மாவின் மனுவோடு என் நகலும் போன பிறகு ஏட்டின் பெயரையும் விசாரணையில் சேர்த்தார்கள். அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது. கம்பெனி என்னை எடுத்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் இப்போதும் நீலச் சட்டை நிற்கிறது. வேறு ஆட்கள்.

அடுத்த மாதம் தேர்வு வாரியத்திலிருந்து படிவம் ஒன்று வந்தது. ஸ்டேஷன் விசாரணை தனி. இதில் விவரங்களை நாமே நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி, 'தங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உள்ளதா?' அம்மா எதிரில் வந்து உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.

'ஆம். உட்கார்ந்திருந்த ஒருவரை இரண்டு முறை அடித்தேன்.'